24 கம்ப்யூட்டர்களுக்கு ஒரே இமேஜ்: பென் டிரைவ் இல்லாமல் நெட்வொர்க் வழியாக

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. பெங்களூர் அல்சூரில் இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறீர்கள். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 24 பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்புகள் இருக்கின்றன. எல்லாமே 6ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். போதாததற்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த இரண்டு ஐமேக். காலையில் டேலி வகுப்பு, மாலையில் தமிழ்த் தட்டச்சும் பைத்தானும். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பென் டிரைவ் செருகி இன்ஸ்டால் செய்து முடிப்பதற்குள் முதலில் செய்தது கலைந்துவிடுகிறது. ஒரே இமேஜை (இயங்குதளமும் நிரல்களும் அடங்கிய டிஸ்க்கின் நகலை) ஓரிடத்தில் வைத்து, எல்லாவற்றையும் நெட்வொர்க் வழியாகவே கிளப்ப முடியுமா, அதற்குப் பெரிய சர்வர் வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். பெரிய சர்வரும் வேண்டாம். உங்கள் 24 கம்ப்யூட்டர்களைப் போன்ற ஒன்றே போதும். அதில் ராமை 16 ஜிபி ஆக்கி, ஓர் எஸ்எஸ்டி போட்டு, கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு செருகிக்கொள்ளுங்கள். காசு போட வேண்டிய இடம் ஸ்விட்ச்சும் கேபிளும்தான். அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

நெட்வொர்க் இமேஜ் என்று பேசும்போது இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் எழுந்து, சர்வரில் இருக்கும் இமேஜைத் தன் டிஸ்க்கில் எழுதிக்கொண்டு, அப்புறம் தன் டிஸ்க்கிலிருந்தே ஓடுவது. க்ளோன்சில்லா, ஃபாக் எல்லாம் இந்த வகை. மற்றொன்று, உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடவே தொடாமல், முழு இயங்குதளத்தையும் சர்வரிலிருந்து படித்தபடியே ஓடுவது. எல்டிஎஸ்பி இந்த வகை. உங்கள் மாலை வகுப்புக்கு இரண்டாவது, காலை டேலிக்கு முதலாவது என்பது என் கருத்து. கம்ப்யூட்டர் எழும்போது, அதாவது பூட் ஆகும்போது, வரும் ஒரே மெனுவில் இரண்டையும் வைத்துவிடலாம்.

முதலில், பவர் பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் எங்கே தடுமாறினாலும் அது எந்தப் படியில் நிற்கிறது என்று அப்போதுதான் சொல்ல முடியும். நெட்வொர்க் கார்டுக்குள் இருக்கும் சின்ன நிரல், "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள், எங்கிருந்து பூட் செய்வது என்றும் சொல்லுங்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கிறது. நெட்வொர்க்கில் முகவரிகளைப் பங்கிடும் டிஹெச்சிபி சர்வர் முகவரியையும், பூட் கோப்பின் பெயரையும், அது இருக்கும் சர்வரையும் சொல்கிறது. அந்தக் கோப்பை டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை வழியாக இறக்கி, நினைவகத்தில் வைத்து ஓட்டுகிறது. அது மெனுவைக் காட்டி, இயங்குதளத்தின் மையமான கெர்னலை இறக்கி, கட்டுப்பாட்டைக் கை மாற்றுகிறது. இதற்குப் பெயர் பிஎக்ஸ்இ. இன்டெல் 1999இல் வெளியிட்ட 2.1 பதிப்புதான் இன்றும் எல்லோரும் பின்பற்றும் அடிப்படை.

டிஎஃப்டிபி மிகவும் எளிமையானது, அதனாலேயே மெதுவானது. சாதாரணமாக 512 பைட் அனுப்பும், "வந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும், அடுத்த 512 பைட் அனுப்பும். சின்னக் கோப்புக்கு இது போதும். பெரிய கோப்பை 24 கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் பொறுமை போய்விடும். அதனால் டிஎஃப்டிபி வழியாக ஐபிஎக்ஸ்இ என்ற சிறிய நிரலை மட்டும் இறக்கிவிட்டு, மீதி எல்லாவற்றையும் அதன் மூலம் வலைத்தளங்கள் பயன்படுத்தும் ஹெச்டிடிபியில் இழுங்கள். அதுவும் இலவச மென்பொருள்தான். வேகத்தில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்பும் உள்நிரலில் பழைய பயாஸ், புதிய யூஇஎஃப்ஐ என்று இரண்டு முறை உண்டு. பயாஸ் முறைக்கு ஒரு பூட் கோப்பு, யூஇஎஃப்ஐ முறைக்கு வேறு கோப்பு. மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் கறுப்புத் திரையோடு நின்றுவிடும், காரணமும் சொல்லாது. யார் எந்த முறையில் வருகிறார்கள் என்று டிஹெச்சிபி கோரிக்கையிலேயே 93ஆம் எண் விருப்பம் சொல்லிவிடும். அதைப் பார்த்து ஆளுக்கேற்ற கோப்பைக் கொடுக்க முடியும். ஆனால் உங்களிடம் இருப்பது எல்லாம் ஒரே தலைமுறை. 24ஐயும் யூஇஎஃப்ஐக்கு மாற்றி, கையொப்பம் இல்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்து, நெட்வொர்க் பூட்டை வரிசையில் முதலாவதாக வைத்துவிடுங்கள். செக்யூர் பூட்டோடும் செய்ய வழி உண்டு. ஆனால் கையொப்பமிட்ட பூட் கோப்புகளை வரிசையாகக் கோக்க வேண்டும். முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம்.

அடுத்தது டிஹெச்சிபி சண்டை. உங்கள் இணைய இணைப்பின் ரௌட்டர் ஏற்கெனவே முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். அதே நெட்வொர்க்கில் நீங்கள் இன்னொரு டிஹெச்சிபி சர்வரை வைத்தால், யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவர்கள் பேச்சு எடுபடும். இன்றைக்கு 24இல் 15 எழும், நாளைக்கு 9 எழும். இதற்கு டிஎன்எஸ்மாஸ்க் என்ற சர்வர் மென்பொருளில் ப்ராக்ஸி முறை என்று ஒன்று உண்டு. ரௌட்டர் வழக்கம்போல முகவரி கொடுக்கும். டிஎன்எஸ்மாஸ்க் பூட் விவரத்தை மட்டும் சேர்த்துச் சொல்லும். ரௌட்டரின் அமைப்பில் கை வைக்க முடியாதவர்களுக்கு இது நல்ல வழி. உங்களுக்கு நான் பரிந்துரைப்பது வேறு: சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று ரௌட்டருக்கு, மற்றொன்று வகுப்பறை ஸ்விட்ச்சுக்கு. வகுப்பறைக்குள் உங்கள் சர்வர் மட்டுமே டிஹெச்சிபி. இணையம் யாருக்கு, எப்போது என்பதும் உங்கள் கையில் இருக்கும். டேலி பக்கம் வரும்போது இது எவ்வளவு முக்கியம் என்று தெரியும்.

இப்போது கேபிள். நெட்வொர்க் பூட் சரியாக வரவில்லை என்று அழைக்கும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது சர்வரை அல்ல, ஸ்விட்ச்சில் எரியும் விளக்குகளைத்தான். கணக்கைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும். 100 மெகாபிட்டில் 11 எம்பி. உங்கள் விண்டோஸ் இமேஜ் சுருக்கிய பிறகு 20 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். கிகாபிட்டில் தனித்தனியாக 24 பேருக்கும் அனுப்பினால் மொத்தம் 480 ஜிபி; ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 100 மெகாபிட்டில் அதே வேலைக்கு 12 மணி நேரம். மல்டிகாஸ்ட் முறையில் சர்வர் ஒரே தடவை அனுப்பும், 24 பேரும் சேர்ந்து வாங்கிக்கொள்வார்கள். அப்போது 20 ஜிபிதான் கம்பியில் போகிறது. கம்பியின் வேகத்தை மட்டும் பார்த்தால் 3 நிமிட வேலை. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் அந்த வேகத்துக்கு எழுதாது, சுருக்கியதை விரிக்க வேறு நேரம் வேண்டும் என்பதால் கூடுதலாகவே ஆகும். இருந்தாலும் ஒரு டிஸ்க்குக்கு ஆகும் நேரத்தில் 24ம் முடிந்துவிடும்.

மல்டிகாஸ்ட்டில் எல்லோரும் மிக மெதுவான ஆளின் வேகத்தில்தான் போக முடியும். ஒருவன் பிந்தினால் மற்ற 23 பேரும் காத்திருப்பார்கள். அந்த ஒருவன் யார் என்று பார்த்தால், பல சமயம் ஒரு கேபிள்தான். கிகாபிட்டுக்கு கேபிளில் உள்ள 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். க்ரிம்ப் செய்யும்போது, அதாவது கேபிளுக்கு முனை போடும்போது, ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றாலோ, மேசைக் காலுக்கு அடியில் நசுங்கியிருந்தாலோ, இணைப்பு அறுந்துபோவதில்லை. சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணையம் வரும், யூட்யூப் ஓடும், யாருக்கும் சந்தேகமே வராது. இமேஜ் இறக்கும் நாளில்தான் அது மொத்த வகுப்பையும் பிடித்து இழுக்கும். அதனால் வேலை தொடங்கும் முன் 24 இணைப்பும் 1000 என்று காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கேட் 5இ கேபிள் போதும். கையால் க்ரிம்ப் செய்ததைவிட ஆலையில் முனை போட்டு வரும் கேபிள்கள் இந்த வேலைக்கு நம்பகமானவை.

ஸ்விட்ச் வாங்கும்போது 24 கம்ப்யூட்டருக்கு 24 போர்ட் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். சர்வருக்கு ஒரு போர்ட் வேண்டும், ஐமேக்குகளுக்கு இரண்டு. 48 போர்ட் ஒன்று வாங்குவது நல்லது. இரண்டு 24 போர்ட் ஸ்விட்ச்சுகளை ஒன்றோடொன்று இணைத்தால், இரண்டாவதில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த ஒற்றைக் கம்பியைப் பங்கு போட வேண்டும். மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்புகளை மாற்றக்கூடியது) கிடைத்தால் கம்ப்யூட்டர் போர்ட்டுகளில், போர்ட்டை உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பை இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால், கம்பிகள் வளையமாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்பானிங் ட்ரீ சோதனைக்காக போர்ட் சுமார் 30 நொடி அடைத்தே இருக்கும். அதற்குள் நெட்வொர்க் கார்டு கேட்டுக் கேட்டு அலுத்து, பூட் கோப்பு கிடைக்கவில்லை என்று அடுத்த சாதனத்துக்குப் போய்விடும். சர்வரில் எல்லாமே சரியாக இருந்தும் எழவில்லை என்றால், இந்த 30 நொடியைச் சந்தேகியுங்கள். வைஃபை வழியாக நெட்வொர்க் பூட் என்ற யோசனையை விட்டுவிடுங்கள்.

சரி, மாலை வகுப்பு. எல்டிஎஸ்பி திட்டம் 1999இல் தொடங்கியது. பழைய நாட்களில் நிரல்கள் எல்லாம் சர்வரிலேயே ஓடும், மாணவர் மேசையில் திரை மட்டும்தான். "பெரிய சர்வர் வேண்டும்" என்ற பேச்சு அப்போது வந்தது. 2019இல் அதைப் புதிதாக எழுதினார்கள். இப்போது நிரல்கள் மாணவரின் கம்ப்யூட்டரிலேயே, அதன் ப்ராசஸரிலும் ராமிலும்தான் ஓடுகின்றன. சர்வர் கோப்புகளைப் படித்துக் கொடுக்கிறது, அவ்வளவே. அதிலும் 24 பேரும் படிப்பது ஒரே இமேஜ் என்பதால், முதல் ஆள் படித்ததும் அது சர்வரின் ராமில் தங்கிவிடும். மற்றவர்களுக்கு டிஸ்க்கைத் தொடாமலே கிடைக்கும். ஒவ்வொருவரும் எழும்போது 500 எம்பி படிப்பதாக வைத்தாலும் 24 பேருக்கு 12 ஜிபி. கிகாபிட்டில் இரண்டு நிமிடம். எல்லோரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்தினாலும்கூட இதுதான் கணக்கு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பராமரிப்பு. சர்வரில் உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போட்டு, நீங்களே உட்கார்ந்து வேலை செய்யும் கம்ப்யூட்டர் மாதிரி அதை அமைக்கிறீர்கள். தமிழ்99 விசைப்பலகை, தமிழ் எழுத்துருக்கள், கன்னட எழுத்துருக்கள், பைத்தான், லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதில். பிறகு ஒரே கட்டளையில் அந்தச் சர்வரே படிக்க மட்டும் கூடிய ஒரு சுருக்கிய இமேஜாக மாறுகிறது. மாணவர் எழுதுவது, கலைப்பது எல்லாம் அவர் கம்ப்யூட்டரின் ராமில் ஒரு மேலடுக்கில் நடக்கும். மறுபடி பூட் செய்ததும் போய்விடும். அவருடைய சொந்தக் கோப்புகள் சர்வரில் அவர் பெயரில் உள்ள ஹோம் அடைவில் இருக்கும். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அதே கோப்புகள். ஒரு புதிய நிரல் வேண்டுமா? சர்வரில் போட்டு, அந்தக் கட்டளையை மறுபடி கொடுத்தால், அடுத்த பூட்டில் 24லும் வந்துவிடும். தன்னார்வலர்கள் மாறிக்கொண்டே இருக்கும் மையத்தில் இது பெரிய நிம்மதி. பெங்களூரில் மழைக்காலத்தில் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியும். மாணவர் கம்ப்யூட்டர்கள் திடீரென்று அணைந்தாலும் கெட்டுப்போக அங்கே டிஸ்க்கே பயன்பாட்டில் இல்லை. சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் மட்டும் ஒரு யூபிஎஸ் கட்டாயம் வையுங்கள்; அந்த இரண்டில் எது போனாலும் 24ம் அப்படியே உறைந்துவிடும்.

டேலிக்கு விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் 11, அதிகாரபூர்வமாக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் இன்டெலில் 8ஆம் தலைமுறையும் கேட்கிறது, உங்களுடையது 6. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரை இணையத்தில் விடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். டேலி பயிற்சிக்கு, அதில் பழகிப் பார்ப்பதற்கென்றே உள்ள எஜுகேஷனல் மோட் போதும். அதனால் விண்டோஸில் இருக்கும்போது வகுப்பறைக்கு இணையமே வேண்டாம். இரண்டு நெட்வொர்க் கார்டு என்று சொன்னது இதற்குத்தான்: காலை வகுப்பில் சர்வர் வெளிவாசலை மூடிவிடும், மாலையில் திறக்கும்.

விண்டோஸ் மாஸ்டரை, அதாவது இமேஜ் எடுக்கப்போகும் மூலத்தை, ஒரு மெய்நிகர் கணினியில் தயார் செய்யுங்கள். யூஇஎஃப்ஐ முறையில், 100 ஜிபி டிஸ்க்கோடு. காரணம், க்ளோன்சில்லா சாதாரணமாக இமேஜ் எடுத்த டிஸ்க்கைவிடச் சிறிய டிஸ்க்கில் இறக்காது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த வருஷம் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் அந்த இமேஜால் பயனில்லை. சிறியதில் எடுத்து, இறக்கும்போது விரித்துக்கொள்வது சுலபம். பயன்படுத்திய பகுதிகளை மட்டுமே அது நகலெடுக்கும், காலி இடத்தைச் சுமக்காது. ஆனால் பிட்லாக்கர் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் எது காலி என்று அதற்குத் தெரியாமல் முழு டிஸ்க்கையும் அப்படியே எடுக்கும். அதை முன்பே அணையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், அந்தப் பார்ட்டிஷனைப் படிக்க க்ளோன்சில்லா மறுத்துவிடும்.

அப்புறம் விண்டோஸின் சிஸ்ப்ரெப் கருவியை, கம்ப்யூட்டரின் தனி அடையாளங்களை நீக்கும் ஜெனரலைஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. ஒரே நகலை 24இல் இறக்கினால் 24க்கும் ஒரே எஸ்ஐடி அடையாளம் இருக்கும். அது பெரிய பிரச்சினை இல்லை என்று பல வருஷமாக ஒரு கருத்து இருந்தது. ஆனால் 2025 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுகள், ஒரே எஸ்ஐடி உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று அணுகுவதைத் தடுக்க ஆரம்பித்துவிட்டன. நாளைக்குப் புதிய கம்ப்யூட்டர்கள் வந்து நீங்களும் விண்டோஸ் 11க்குப் போகும்போது, பழைய பழக்கம் காலை வாரிவிடும். உரிமத்தையும் பாருங்கள். கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் உரிமம் இப்படி இமேஜ் எடுத்துப் பரப்பும் உரிமையைத் தருவதில்லை. அதற்கு வால்யூம் உரிமம் வேண்டும். கல்வி, தொண்டு நிறுவனங்களுக்குத் தனி விலை உண்டு. உங்கள் அமைப்பின் பெயரில் விசாரியுங்கள்.

விண்டோஸோடு அதே டிஸ்க்கில் 30 ஜிபிக்கு ஒரு லினக்ஸும் போட்டு இமேஜ் எடுத்துவிடுங்கள் என்பேன். சர்வர் படுத்துவிட்ட நாளில் மாலை வகுப்பு நிற்காது. அப்படிச் செய்தால், இமேஜ் எடுக்கும் முன் கம்ப்யூட்டரின் தனி அடையாளம் இருக்கும் லினக்ஸின் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள். கோப்பு இருக்கட்டும், உள்ளே எதுவும் வேண்டாம். முதல் பூட்டில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். இதை விட்டால், அந்த ஐடியை வைத்து டிஹெச்சிபியிடம் தன்னை அடையாளம் சொல்லும் லினக்ஸ்களில், 24 கம்ப்யூட்டரும் ஒரே ஆள் என்று சர்வர் நினைத்து ஒரே முகவரியைக் கொடுக்கும். நெட்வொர்க் கார்டுகளின் மேக் (MAC) முகவரிகள் வேறு வேறாக இருக்கின்றனவே, பிறகு ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இது. தொலைவிலிருந்து உள்ளே நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச்சின் சாவிகளையும் அழித்துவிட்டு, முதல் பூட்டில் புதிதாக உண்டாக்கும்படி வையுங்கள். டெபியனும் உபுண்டுவும் தாமாக அதைச் செய்யும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

பிஎக்ஸ்இயில் யார் சர்வர் என்று சரிபார்க்கும் ஏற்பாடே கிடையாது. அந்த ஸ்விட்ச்சில் யார் எதைச் செருகினாலும் பதில் சொல்லலாம். காலியான போர்ட்டுகளை எட்டாத இடத்தில் வையுங்கள். பூட் மெனுவில் "இமேஜ் இறக்கு" என்ற வரிக்குக் கடவுச்சொல் கட்டாயம். இல்லாவிட்டால் ஆர்வமுள்ள ஒரு பிள்ளை அம்புக்குறியை இரண்டு தடவை அழுத்தினாலே டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும். 10 நொடி யாரும் தொடாவிட்டால், காலையில் உள்ளூர் டிஸ்க்குக்கும் மாலையில் எல்டிஎஸ்பிக்கும் போகும்படி மெனுவைச் சர்வரே மாற்றிக் கொடுக்கலாம். விண்டோஸ் இமேஜை இறக்கிய பிறகு ஒரு தடவை பூட் வரிசையைப் பாருங்கள். விண்டோஸ் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொண்டிருக்கும். நெட்வொர்க்கை மறுபடி மேலே கொண்டுவர வேண்டும்.

ஐமேக்குகளை இதில் சேர்க்க வேண்டாம். ஒரு காலத்தில் இந்த விஷயத்தில் ஆப்பிள்தான் மிக அழகாகச் செய்தது. 1999இல் வந்த நெட்பூட்டில், மேக்கை இயக்கும்போது N விசையை அழுத்திப் பிடித்தாலே சர்வரில் உள்ள இமேஜிலிருந்து எழுந்துவிடும். ஆப்பிளின் டி2 பாதுகாப்பு சிப் வந்த மேக்குகளில் அது வேலை செய்யாது, ஆப்பிளின் சொந்த ப்ராசஸர் உள்ளவற்றிலும் கிடையாது. மேக்ஓஎஸ் சர்வரையே 2022 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். இரண்டே இரண்டுக்கு யூஎஸ்பி இன்ஸ்டாலர் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? சர்வர், ஸ்விட்ச், இரண்டே இரண்டு கம்ப்யூட்டர். முதலில் எல்டிஎஸ்பி எழட்டும். விண்டோஸைவிட அது சீக்கிரம் கைக்கு வரும், பூட் வரிசையின் சிக்கல்கள் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு 24 கேபிள்களையும் சோதியுங்கள். அதன் பிறகு விண்டோஸ் இமேஜை இரண்டில் மல்டிகாஸ்ட் செய்து பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பு முடிந்ததும் 24லும் இறக்குங்கள். இமேஜின் பெயரில் தேதியைச் சேருங்கள். அதில் என்னென்ன, எந்த வரிசையில் போட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, சர்வரிலும் காகிதத்திலும் வையுங்கள். புதிய இமேஜ் இரண்டு வாரமாவது வகுப்பில் சரியாக ஓடும்வரை பழையதை அழிக்க வேண்டாம்.